அரசு அலுவலகத்துக்கு பில் எழுதும் முறை: காரைக்குடி வட்டாரத்துச் சுயதொழிலாளருக்கு

காரைக்குடியில் தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அரசு வாடிக்கையாளர் என்றால் அது பெரும்பாலும் மாநகராட்சியாகவோ, அழகப்பா பல்கலைக்கழகமாகவோ, நம்மூரார் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமாகவோ இருக்கும். எதுவானாலும், பில்லைச் சரிபார்க்கும் கணக்குப் பிரிவினரும் பின்னால் வரும் தணிக்கையாளரும் நாம் செய்த வேலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது பணி ஆணை மட்டுமே. ஆகவே ஆணையில் உள்ள சொற்களையே பில்லிலும் எழுத வேண்டும். ஆணையில் ‘அளவீட்டு வரைபடம் தயாரித்தல்’ என்றிருக்க, நான் ‘கட்டட ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதிக் கொடுத்த பில் ஒன்று ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

பில்லின் தலையில் பிள்ளையார் சுழி போடும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வரியில் பணி ஆணையின் எண்ணும் தேதியும் இருந்தாக வேண்டும். பெறுநராக, நமக்குப் பழக்கமான அலுவலரின் பெயரை எழுதாமல், ஆணையில் கையொப்பமிட்டவரின் பதவிப் பெயரை எழுதுங்கள். தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் இருப்பது சாதாரணம் என்பதால், பான் அட்டையில் விரித்தும் வங்கிக் கணக்கில் சுருக்கியும் பெயர் நிற்பதுண்டு. இரண்டையும் முதலில் ஒன்றாக்கிவிட்டு, அதே பெயரை பில்லில் எழுதுவது நல்லது.

ஜிஎஸ்டியில்தான் பிழை அதிகம் நேர்கிறது. சேவை மட்டும் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து அவர் பதிவு செய்யாமலும் இருந்தால், பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது. பதிவு செய்தவரோ, விலைப்புள்ளி கொடுக்கும்போதே ‘வரி தனி’ என்று எழுதியிருக்க வேண்டும். அனுமதித்த தொகைக்கு மேல் பின்னர் வரி கேட்டால் கிடைப்பது அரிது. பில் எண் நிதியாண்டுக்குள் தொடர் வரிசையாகவும் 16 எழுத்துகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மத்திய அரசு நிறுவனம் என்பதால், மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் வேலைக்கான வரியாகிய ஐஜிஎஸ்டி போட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பில்லைப் பெறும் அலுவலகம் காரைக்குடியிலேயே இருந்து, வேலையும் இங்கேயே நடந்திருந்தால் மத்திய அரசின் பங்காகிய சிஜிஎஸ்டி, மாநில அரசின் பங்காகிய எஸ்ஜிஎஸ்டி இரண்டையும்தான் போட வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பொருள் எதுவும் சேராத வெறும் சேவையை, அரசியலமைப்பு உள்ளாட்சிக்கு ஒதுக்கிய பணிகளுக்காக மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ செய்தால் வரிவிலக்கு கிடைக்கலாம். அப்போது வரி பில்லுக்குப் பதிலாக, வரி சேர்க்காத ‘பில் ஆஃப் சப்ளை’ கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் உள்ளாட்சி அமைப்பு அன்று என்பதால், அதற்கு இந்த விலக்கை நம்பி பில் போடாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் பழைய கட்டடத்தை அளந்து வரைந்து கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு 60,000 ரூபாய் பில் எழுதுகிறார் என்று கொள்வோம். 18 விழுக்காடு வரியாக 5,400 வீதம் இரு வரிகள் சேர்ந்து மொத்தம் 70,800 ஆகும். ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் வருமான வரிப் பிடித்தமான 10 விழுக்காடு 60,000 மீது மட்டுமே கணக்கிடப்படும். 6,000 போக 64,800 கைக்கு வரும். பான் எண் தராதவருக்குப் பிடித்தம் 20 விழுக்காடு. வரியை நீக்கிய ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியிலும் 2 விழுக்காடு பிடிப்பார்கள். அது ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ள நம் மின்னணுப் பணக் கணக்கில் வந்து சேரும்.

பில்லுடன் பணி ஆணையின் நகலையும், பணி நிறைவுச் சான்றையும், ரத்து செய்த காசோலைத் தாளையும் வைத்து, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்த பில் கொடுக்காத பில்லுக்குச் சமம். உத்யம் என்னும் அரசின் தொழில் பதிவு உள்ள குறு, சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு வட்டி கேட்கவும் அந்த முத்திரைத் தேதிதான் சான்று. பில் தேதியை வைத்தே ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருப்பதால், நிறைவுச் சான்று கைக்கு வந்த பிறகு, ஆனால் வேலை முடிந்த 30 நாளுக்குள், பில் எழுதுவது நம் கைப்பணத்தைக் காக்கும்.