மூளையில் அனியூரிசம் வெடித்துவிட்டது: கிளிப்பா, காயிலா?

அனியூரிசம் என்பது ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகிப் பைபோலப் புடைப்பது. வெடித்த அனியூரிசம் மறுபடி ரத்தம் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். அதனால் ஊரெல்லாம் விசாரித்து முடிவெடுக்க அவகாசம் கிடையாது, எதிரே நிற்கும் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி இரண்டு. மண்டையோட்டைத் திறந்து, ரத்தக்குழாயில் புடைத்திருக்கும் பையின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் மாட்டுவது ஒன்று. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து மூளை வரை கொண்டுபோய், மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருள்களைப் பைக்குள் திணித்து உள்ளே ரத்தத்தை உறைய வைப்பது இன்னொன்று, இதுதான் காயிலிங்.

முதலில் கேளுங்கள்: "இதை இரண்டு வழியிலும் அடைக்க முடியுமா?" முடியும் என்றால் பெரும்பாலும் காயிலிங்தான். இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியான ஐசாட் ஆய்வில் 2,143 நோயாளிகள். ஓராண்டுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களுமாகச் சேர்த்து காயில் தரப்பில் சுமார் 24 சதவீதம், கிளிப் தரப்பில் சுமார் 31. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டாக்டரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், ஏனென்றால் எந்தச் சிகிச்சையும் பொருந்தும் என்று கருதப்பட்டவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஓரளவு நல்ல நிலையில் வந்தவர்கள்.

மற்றவர்களுக்குக் கதை வேறு. மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டி இருந்து அழுத்தினால் எப்படியும் தலையைத் திறந்தாக வேண்டும், அப்போதே கிளிப்பும் போட்டுவிடலாம். நடு மூளைத் தமனியில், அகலக் கழுத்தோடு, கிளைகள் பையிலிருந்தே பிரிந்தால் அங்கேயும் கிளிப்புக்கு மவுசு உண்டு. பின்பக்க ரத்தக்குழாய் என்றால் காயில். வயதானவர் என்றாலும் அநேகமாக அதுவே. இளவயதுக்காரருக்குக் கிளிப் நீண்ட காலம் நிற்கும் என்பதும் ஒரு கணக்கு, காயில் நாளடைவில் அமுங்கி மறுபடி அடைக்க நேரலாம்.

காயில் வெளியே நழுவாமலிருக்க ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைக்கப்போகிறார்கள் என்றால் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் தேவைப்படும், இப்போதுதான் ரத்தம் கசிந்த மூளைக்கு அது சிக்கல்.

அப்புறம், என் பார்வையில் இதுதான் முக்கியம்: இன்றைக்கு இதைச் செய்யப்போவது யார், இரண்டையும் அடிக்கடி செய்யும் ஆட்கள் இங்கே இருக்கிறார்களா? ஒன்று மட்டுமே தெரிந்த இடத்தில் அந்த ஒன்றுதான் சிறந்தது என்பார்கள். இரண்டையும் செய்பவர்கள் அங்கே இல்லையென்றால், நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், பெரிய மையத்துக்கு உடனே மாற்றச் சொல்லுங்கள்.

எதைச் செய்தாலும், மூளைப் பாதிப்பைக் குறைக்கத் தரும் நிமோடிபின் மாத்திரை வழக்கமாக 21 நாள் உண்டு. ரத்தக்குழாய் சுருங்கும் ஆபத்து இரண்டு வாரம் வரை இருக்கும், ஐசியூவிலிருந்து சீக்கிரம் விடவில்லையே என்று அவசரப்படுத்த வேண்டாம். காயில் போட்டிருந்தால், அடுத்த ஆஞ்சியோகிராம் எப்போது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.