கோடிங் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு: எலக்ட்ரானிக், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் முதல் வருடத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "எனக்குக் கோடிங்தான் வரும், சர்க்யூட்டைப் பரீட்சைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு கூட்டம். சால்டரிங் அயனைக் கீழே வைக்காத இன்னொரு கூட்டம், சி மொழியில் பாயிண்டரைக் கண்டாலே ஓடும். மற்ற தவறுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பேன்.

ஒரு வெப்பநிலை சென்சாரை ஐ2சி (I2C, சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) வழியாக மைக்ரோகன்ட்ரோலரோடு, அதாவது நிரலை ஓட்டும் குட்டிக் கணினிச் சிப்போடு, இணைக்கிறீர்கள் என்று வையுங்கள். பதிலே வரவில்லை. கோடிங் கூட்டம் இரண்டு நாள் நிரலைக் குடையும், லைப்ரரியை மாற்றிப் பார்க்கும். நிரலில் ஒன்றுமே இருக்காது. ஐ2சியின் இரண்டு கம்பிகளின் வோல்டேஜையும் சிப்புகளால் கீழே இழுக்கத்தான் முடியும்; மேலே ஏற்றுவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. அதைப் போட மறந்திருப்பீர்கள். கம்பிக்கு ஒன்றாக 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை சப்ளைக்கு இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்திருந்தால், சிக்னல் மேலே ஏறவே இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆசிலோஸ்கோப் என்றதும் இன்னொன்று. மேசைமேல் வைக்கும் வகை ஆசிலோஸ்கோப்பில், அளக்கும் கம்பியான புரோபின் கிரவுண்ட் கிளிப் பொதுவாக எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். மல்டிமீட்டர் முனை மாதிரி நினைத்து அதைக் கண்ட இடத்தில் மாட்டினால், சர்க்யூட்டும் எர்த்தில் இருக்கும்போது நேராக ஷார்ட்தான்.

சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை அப்படியே நம்புவதும் இந்த ரகம். அங்கே சப்ளை வோல்டேஜ் ஆடாது, போர்டில் ஆடும். ஐசியின் சப்ளை காலுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

சரி, நிறுவனப் பயிற்சிக்கு வருவோம். வருடம் முழுக்க நீளும் பயிற்சிகளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் மிச்சம் மீதிதான். ரெஸ்யூமேவில் "ஆர்டுயினோ தெரியும்" என்று எழுதுவதைவிட, எது வேலை செய்யவில்லை, எதை அளந்து கண்டுபிடித்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். நேர்காணலில் பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும்.

உள்ளே போனபின் தயங்கித் தயங்கி மூன்று நாள் முட்டிக்கொண்டிருக்காதீர்கள். அரைநாள் பார்த்துவிட்டு, என்னென்ன முயன்றீர்கள் என்ற பட்டியலோடு போய்க் கேளுங்கள். வெறும் "வரலை" என்று நின்றால் யாருக்கும் எரிச்சல்தான். அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வையுங்கள்: "குப்பை எழுத்துகள் வந்தன. பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) 9600 என்று நினைத்தேன், எதிர்ப்பக்கம் 115200." கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதும் அறிக்கைக்கு இந்த மாதிரி வரிகள் நினைவிலிருந்து வராது. ஆனால் அந்த நோட்டிலோ, நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்திலோ நிறுவனத்தின் நிரலை அள்ளிக்கொண்டு வராதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு வருடம் கழித்து வகுப்புக்குத் திரும்பினால் லாப்லாஸ், ஃபூரியே எல்லாம் துருப்பிடித்திருக்கும். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.