ஆஸ்கருக்குக் கூட்டாளி தேடுகிறீர்களா? முதலில் அதன் வாயைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற எங்களுக்கு மீன் வாங்க வேண்டுமென்றால் ஒன்று கிழக்கே பொள்ளாச்சி, இல்லையென்றால் மேற்கே பாலக்காடு. தொட்டியில் வளர்க்கிற ஆஸ்கர் மீனோடு இந்த மீனை விடலாமா என்று கேட்டால் பொள்ளாச்சியில் "தாராளமா விடுங்க" என்பார்கள், பாலக்காட்டில் "ஒரு குழப்பவும் இல்லா" (ஒரு பிரச்சினையும் இல்லை) என்பார்கள். நானும் நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நியான் டெட்ரா என்கிற குட்டி மீன் ஆறை விட்டேன். திங்கட்கிழமை காலையில் எண்ணினால் ஆஸ்கர் மட்டும்தான் இருந்தது, வயிறு கொஞ்சம் உப்பலாக.

ஆஸ்கர் அமேசான் பக்கத்து மீன், சிக்லிட் குடும்பம். 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவித்தார்களே நம்ம கரிமீன், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு "இது என் இடம், எவனும் வராதே" என்று நிற்பது இந்த வகையறாவின் பிறவிக் குணம். அதை மாற்ற முடியாது, அதற்குத் தோதாக ஆள் சேர்க்கத்தான் முடியும்.

படி 1: டேப்பை எடுத்துத் தொட்டியை அளங்கள்

கடையில் இரண்டு இஞ்சில் பாவமாகப் பார்க்கும் குட்டி, நன்றாகத் தீனி போட்டால் ஒரு வருடத்தில் பத்து இஞ்சைத் தொடும், அப்புறம் ஒரு அடி வரை போகும். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். அது ஒற்றை ஆஸ்கருக்கே சரியாகப் போய்விடும். கூட்டாளி வேண்டுமென்றால் 6×2×2, அதாவது சுமார் 670 லிட்டர் (தண்ணீர் மட்டுமே 670 கிலோ, மாடியில் வைக்கிறவர்கள் கவனம்). உங்களிடம் இருப்பது இரண்டரை அடித் தொட்டி என்றால் கூட்டாளி பற்றிய பேச்சே வேண்டாம், ஆஸ்கரும் வேண்டாம்.

படி 2: வாயில் நுழையுமா?

நுழைந்தால் அது தீனி. நியான், கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைவிட மோசம் கோரிடோரஸ் என்கிற குட்டிக் கெளுத்தி: பயந்தால் பக்கத் துடுப்பு முள்ளை விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளும், ஆஸ்கர் தொண்டையில் அது குத்தி நிற்கும், இரண்டும் சாகும்.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

ஆஸ்கர் மாதிரியே உருவமும் நிறமும் உள்ள மீனோடுதான் சண்டை அதிகம். வேறு உருவம், வேறு மட்டத்தில் நீந்தும் பழக்கம், ஆனால் தண்ணீரும் சூடும் ஒத்துப்போக வேண்டும் (24 முதல் 28 டிகிரி). என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சில்வர் டாலர் என்பேன். தட்டு போல உடம்பு, வாயில் அடங்காது, பிடிக்கப் போனால் அந்தக் கோடிக்கு ஓடிவிடும். ஐந்தாறாகச் சேர்த்து வாங்க வேண்டும், ஒன்றிரண்டாக விட்டால் பயந்து மூலையில் ஒண்டும். கூட்டமாக நிம்மதியாக நீந்துவதைப் பார்த்து ஆஸ்கரும் பதற்றம் குறைந்து வெளியே வரும். செடி இருந்தால் சில்வர் டாலர் தின்று தீர்த்துவிடும், ஆனால் ஆஸ்கர் எப்படியும் பிடுங்கித்தானே போடப்போகிறது.

அடுத்து செவரம், சிக்லிட்தான், கொஞ்சம் சாது. பிளட் பாரட்டுக்கு வாய் முழுசாக மூடாது என்பதால் பெரிதாகக் கடிக்க முடியாது, முரட்டு ஆஸ்கரிடம் மாட்டினால் அடி வாங்கும். சக்கர் (கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி) வாங்கினால் ஐந்து இஞ்சுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதற்கு டேங்க் கிளீனர் என்று யார் பெயர் வைத்தார்களோ, அது பாசியைத் தின்பதைவிடப் போடும் கழிவு அதிகம்.

கோல்டுஃபிஷ் வேண்டாம்: குளிர்ந்த தண்ணீர் மீன், தவிர ஆஸ்கர் அதைத் தின்று பழகினால் பி1 சத்துக் குறைபாடு வரும். ஏஞ்சல், டைகர் பார்ப் வேண்டாம். ஷார்க் என்று விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டர் வரை வளரும், அதுவும் வேண்டாம். உங்களிடம் இருப்பது ஃபிளவர்ஹார்ன் (நெற்றி புடைத்த முரட்டுக் கலப்பின சிக்லிட்) என்றால் அது தனியாக இருக்கட்டும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 4: மூன்று வாரம் தனித் தொட்டி

வாங்கி வந்த புது மீனை முதலில் தனித் தொட்டியில் வையுங்கள், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படி 5: விடும் நாள்

கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். தன் இடம் எது என்று ஆஸ்கருக்கே குழம்ப வேண்டும், அதுதான் விஷயம். வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, புதிய மீன்களை எல்லாம் ஒரே நேரத்தில் விடுங்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் கடினம், கடைத் தண்ணீர் அப்படி இருக்காது, அதனால் தனித் தொட்டியிலேயே நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிவிடுங்கள். ஆஸ்கர் ஏற்கெனவே பெரிதாகிவிட்டது என்றால் துளை போட்ட பிளாஸ்டிக் தகட்டை நடுவில் செருகி ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடுங்கள்.

படி 6: உட்கார்ந்து பாருங்கள்

முதல் இரண்டு மணி நேரம் நாற்காலி போட்டு. விரட்டுவது, செவுளை விரித்துக் காட்டுவது எல்லாம் சகஜம். வாயோடு வாய் கவ்வி இழுத்துக்கொண்டே இருந்தாலோ, ஒரு மீன் ஹீட்டர் பக்கத்து மூலையைவிட்டு வராமல் தீனிக்கும் வராவிட்டாலோ, வால் கிழிந்து செதில் உதிர்ந்தாலோ அன்றைக்கே பிரித்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளைக்கு மீன் இருக்காது. இரண்டு வாரம் சண்டை இல்லாமல் ஓடிவிட்டாலும் மார்ச், ஏப்ரலில் மறுபடி பாருங்கள். பாலக்காட்டு வெயிலில் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டும், சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும், கூட்டமான தொட்டியில் சிடுசிடுப்பு கூடும். ஏர் பம்பை நிறுத்தாதீர்கள், கரண்ட் கட்டுக்கு பேட்டரி பம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துவராத மீனை வாய்க்காலிலோ குளத்திலோ விடவே கூடாது. சக்கர் இப்படித்தான் கேரளத்து நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் ஆறுகளில் அரபைமா என்கிற அமேசான் ராட்சத மீன் கூடக் கிடைத்தது. அதனால் வாங்கும்போதே "ஒத்துவரவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். என் ஆஸ்கர் இப்போது ஆறு சில்வர் டாலரோடு இருக்கிறது. நடுவில் வந்த செவரம் ஒன்பது நாள்தான் தாங்கியது, தனித் தொட்டியில் புண் ஆறியதும் பாதி விலைக்குப் பொள்ளாச்சிக் கடையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டேன்.