வீட்டுக் கேரேஜுக்குக் காற்றுக் கருவிகள்: முதலில் கம்பிரசரைப் பாருங்கள்

அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் காற்றுக் கருவி வாங்குமுன், அந்தக் காற்றைத் தரும் உங்கள் கம்பிரசர் 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்திற்கு 90 பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்றைத் தொடர்ந்து தருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தொட்டியின் கொள்ளளவு மட்டும் இதைச் சொல்லிவிடாது. சக்கர நட்டுகளைக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச் விட்டுவிட்டு இயங்குவதால் சுமார் 5 கன அடியிலேயே சமாளித்துக்கொள்ளும். பரப்பைத் தேய்க்க இடைவிடாது சுழலும் சாண்டருக்கோ 10 கன அடிக்கு மேலும் தேவைப்படலாம் என்பதால், சிறு கம்பிரசர் வைத்திருப்பவர் சாண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் முறுக்குவிசை எண் பெரும்பாலும் நட்டைக் கழற்றும் திசைக்கு மட்டுமே உரியது (விற்பவர் இதைச் சொல்வதில்லை). மிச்சமாகும் பணத்தில் 3/8 அங்குல உள்விட்டமுள்ள குழாயும், காற்றிலுள்ள நீரை நீக்கும் நீர்பிரிப்பானும் வாங்குங்கள். வேலைக்கு முன் காற்று நுழையும் வாயில் சில துளி காற்றுக்கருவி எண்ணெய் விட்டுவந்தால், விலை குறைந்த ரெஞ்சும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.