பல்லைக் குடையும் ஏரோட்டர் ஓடும் அறையில் மாஸ்க் போடுவது எப்படி

காரைக்குடியில் பழைய வீட்டு முன்கட்டில்தான் எங்கள் பல் கிளினிக். கொரோனா நேரத்தில் உதவிக்குச் சேர்ந்த பையன்களிடம் நான் முதலில் சொன்னது: தாடியை எடுத்துட்டு வா, தம்பி. என்-95 மாஸ்க் தோலோடு ஒட்டி உட்காரணும். நடுவில் முடி இருந்தால் காற்று வடிகட்டிக்குள் போகாது, முடி வழியே நுழைந்துவிடும்.

மேல் பட்டை உச்சிக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதே, கூராக மடிந்து சந்து விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம்வரை அழுத்து. பிறகு உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு பலமாக ஊது. கண்ணில் காற்றுப் பட்டால் மறுபடி அழுத்து. மூச்சை இழுத்தால் மாஸ்க் லேசாக உள்வாங்கணும். மூச்சை வெளியே விடும் வால்வு வைத்தது வேண்டவே வேண்டாம். உன் மூச்சு வடிகட்டாமல் நோயாளி முகத்தில் படும்.

ஆச்சிமார் காது கேட்காமல், 'அதை இறக்கிட்டுச் சொல்லப்பா' என்பார்கள். இறக்காதே. சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டு.

ஆனால் கிளம்புகிற சாரலைக் குறைக்காமல் மாஸ்க்கை மட்டும் நம்பக்கூடாது. ஏரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். தண்ணீரும் எச்சிலும் புகையாய்ப் பறக்கும். ரப்பர் டேம், அதாவது பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு, போடு. பெரிய சக்‌ஷன் குழாயைப் பல்லை ஒட்டியே பிடி, அந்த மெல்லிய எச்சில் குழாய் இதற்குக் காணாது. ஸ்ப்ளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிவிடும். நாங்கள் அதை அணைத்துவிட்டு, ஆள் குடியில்லாத பின்கட்டுப் பக்கம் எக்ஸாஸ்ட் ஓடவிட்டோம். காற்று திண்ணையில் காத்திருப்பவர்கள் பக்கம் திரும்பக்கூடாது, அதுதான் கணக்கு.

மாஸ்க் தட்டுப்பாடு வந்தால், போட்டதையே மறுபடி போட, பேர் எழுதிய காகிதப் பையில் காயவிடு, பிளாஸ்டிக்கில் ஈரம் நிற்கும். சானிடைசர் மட்டும் அடித்துவிடாதே. தூசியை இழுக்கும் நிலைமின்சாரம் போய்விடும். பார்வைக்குப் புதுசு, உள்ளே வெறும் துணி.

கழற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளவுஸ், கவுன், கை கழுவல், கண்ணாடி; மாஸ்க் கடைசியாக, அறைக்கு வெளியே வந்து. முன்பக்கம் தொடாதே. கீழ்ப் பட்டையை முதலில், அப்புறம் மேல் பட்டை. மருத்துவக் கழிவுப் பைகளில் கிளவுஸ் சிவப்பில், மாஸ்க் மஞ்சளில். மறுபடி கையைக் கழுவிட்டு டீ குடிக்கப் போ.