நேபாளத்துக்குக் குறுகிய கால ஊழியப் பயணம்: புறப்படுமுன் அறிய வேண்டியவை

நேபாளத்துக்குக் குழுவாகச் சென்று சில நாட்கள் ஊழியம் செய்ய விரும்பும் சபைகள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அங்கே தங்களை அழைத்திருப்பவர் யார், எந்த வேலைக்காக அழைத்திருக்கிறார் என்பதே. உள்ளூர்ச் சபை கேட்காத ஊழியத்தை நாமே திட்டமிட்டுக் கொண்டுபோய் இறக்குவதைவிட, போகாமல் இருந்து ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு அந்நாட்டின் சட்டமே முக்கியக் காரணம். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 158ஆவது பிரிவு, அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிப்பதோடு, குற்றவாளி வெளிநாட்டவராயின் தண்டனை முடிந்து ஏழு நாட்களுக்குள் நாடு கடத்தவும் வழி செய்கிறது. ஆகவே தெருவில் கைப்பிரதி கொடுப்பது, வீடு வீடாகச் சென்று அறிவிப்பது, உதவிப் பொருளோடு ஜெப அழைப்பையும் சேர்த்துக் கொடுப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். நாம் ஊர் திரும்பிய பிறகு காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுபவர் அந்த ஊர்ப் போதகராகவே இருப்பார். ஞானஸ்நானப் படங்களையும் விசுவாசிகளின் முகங்களையும் வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ பகிரக் கூடாது என்று குழுவினர் அனைவரிடமும் புறப்படுமுன்பே வாக்குறுதி பெறுங்கள்.

இந்தியருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும், ஆதாரை மட்டும் நம்பிப் போகக் கூடாது. இலங்கையருக்கு ஆண்டில் ஒருமுறை 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து செல்வோர் கட்டணம் செலுத்த வேண்டும். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டு செய்வதற்கும் அனுமதியில்லை என்பதால், மருத்துவமனையிலோ பள்ளியிலோ பணியாற்ற எண்ணுவோர் எந்த விசா தேவை என்பதை அழைக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வேலையைத் தேர்வதில் கைத்திறனுக்கே முதலிடம் கொடுங்கள். 1954 முதல் நேபாளத்தில் பணியாற்றிவரும் யுனைடெட் மிஷன் டு நேபாள் என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பு, மருத்துவம், கல்வி போன்ற சேவைகள் வழியாகவே அங்கே வேரூன்றியது. செவிலியர், பல் மருத்துவர், எலக்ட்ரீஷியன், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஆகியோரால் சில நாட்களிலும் பயன் உண்டு. அநாதை இல்லங்களுக்குச் சென்று பிள்ளைகளோடு விளையாடித் திரும்பும் பயணத்தை மட்டும் ஏற்காதீர்கள். அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள், வெளிநாட்டவர் தரும் பணமே பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவரும் தரகர்களுக்குத் தீனியாகிறது.

நேபாளச் சபைகளில் பொதுவாகச் சனிக்கிழமையே ஆராதனை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விரிப்பில் தரையில் அமர்வார்கள். பல சபைகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் இருப்பார்கள். கைகூப்பி "ஜெய்மசீஹ்" (மேசியாவுக்கு ஜெயம்) என்று வாழ்த்துங்கள். செய்தி கொடுக்கச் சொன்னால், மொழிபெயர்ப்புக்குப் பாதி நேரம் போய்விடும் என்பதைக் கணக்கிட்டு, சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையாலும் மண்சரிவாலும் மலைச்சாலைகள் அடிக்கடி அடைபடும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஏற்றவை. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மதிப்பு நிலையானது என்பதால் செலவைத் துல்லியமாகத் திட்டமிடலாம். தனிநபர் கையில் பணம் கொடுக்காமல், சபை மூப்பர்கள் அறியக் கொடுத்து ரசீது பெறுங்கள். திரும்பிய சில மாதங்களுக்குப் பின் அந்தப் போதகருக்கு எழுதி, நம் வருகையில் எது உதவியது, எது பாரமாயிற்று என்று கேளுங்கள். அடுத்த குழுவை அனுப்புவதா என்பதை அவருடைய பதிலைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.