பரணில் கிடக்கும் டிவி கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி

தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று நம் ஊரில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே சரக்குதான், நின்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல். மேலே ஒட்டியிருக்கும் பேர்தான் கடைக்குக் கடை மாறும். அந்தப் பெட்டி இன்னும் பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓட வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

முதலில் அடாப்டர். பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. ஆனால் பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் சின்ன வட்டம் போட்டுக் காட்டியிருப்பான், அதைப் பார்க்காமல் கையில் கிடைத்ததைச் சொருகாதீர்கள். வயர் வெடித்திருந்தால் யோசிக்காமல் புதுசு வாங்குங்கள்.

அடுத்து கேசட். தயவுசெய்து ஊத வேண்டாம். தெருவே ஊதியது, தெரியும், ஆனால் ஊதியதால் ஓடவில்லை, கழற்றித் திரும்பச் சொருகியதில் பின் சரியாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். வாயின் ஈரம் பின்னை அரித்துவிடும் என்பதால் நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொன்னது. மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) கொஞ்சம் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 30 பின் வீதம் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டுவது நின்றதும் காயவிட்டு, சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுச் சொருகுங்கள்.

இனி டிவி, உண்மையான தலைவலி இங்கேதான். அப்போது ஆன்டெனா ஓட்டையில் சொருகி, டிவியின் முன்னால் இருக்கும் குட்டிக் கதவைத் திறந்து, மாமா குமிழைத் திருகத் திருக, நாங்கள் “வந்துருச்சு, போயிருச்சு” என்று கத்த, புள்ளி மழைக்கு நடுவே மரியோ முதலில் கறுப்பு வெள்ளையில் வந்து அப்புறம்தான் சிவப்பானார். இப்போது அந்த வழி வேண்டாம். பெட்டியில் ஏவி ஓட்டை இருந்தால் மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. டிவியில் மஞ்சள் ஓட்டை தனியாக இல்லையென்றால் பல மாடல்களில் பச்சை ஓட்டையே அந்த வேலையையும் பார்க்கும். படம் வந்ததும் செட்டிங்ஸில் பட வடிவத்தை 4:3 வையுங்கள், ‘கேம் மோட்’ இருந்தால் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பட்டனை அமுக்கி, டிவி அதை யோசித்து, மரியோ குதிப்பதற்குள் குழி வந்துவிடும்.

வாத்து சுடும் துப்பாக்கியை மட்டும் மறந்துவிடுங்கள். டிரிகரை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும், துப்பாக்கியின் மூக்கில் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைத்தான் பிடிக்கிறது. (கறுப்பு எதற்கு? டியூப்லைட்டைப் பார்த்துச் சுடும் கில்லாடிகளைப் பிடிக்க.) எல்சிடி திரையில் அந்தக் கட்டம் தாமதமாக வரும். பழைய குண்டு டிவி கிடைத்தால் மட்டும் துப்பாக்கியை வெளியே எடுங்கள்.

கேசட்டில் 9999 இன் 1 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் அதே கேம் வேறு ஸ்டேஜில் தொடங்கும். நேராக கான்ட்ரா என்ற சுடும் கேமுக்குப் போங்கள். டைட்டில் வந்ததும் பட்டன்களை இந்த வரிசையில் அமுக்குங்கள்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். இரண்டு பேர் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரு செலக்ட். டர்போ பட்டனைத் தொடாதீர்கள், ஒரு அமுக்கை அது பலதாக்கிவிடும். சரியாக விழுந்தால் ஆளுக்கு 30 லைஃப். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் ஏறும்போது மட்டும் கூட ஆடுபவரோடு பேசி வைத்துக்கொண்டு ஏறுங்கள், ஒருவர் அவசரப்பட்டு மேலே போனால் திரையும் கூடவே நகர்ந்து கீழே நிற்பவர் செத்துவிடுவார், எங்கள் வீட்டில் ஜாய்ஸ்டிக் பறந்த சண்டைகளில் பாதி அந்த இடத்தில்தான்.